டைரக்டர்களின் பொழுதும் கம்பெனிகளின் வளமும்

பல்லாவரத்தில் தொடங்கிக் குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தெற்கே நீளும் ஊர்களின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர், அதில் பாதியையாவது கம்பெனிகளின் சரித்திரமாகவே எழுத நேரும். குரோம்பேட்டையில் குரோம் லெதர் கம்பெனி தோல் பதனிட்டது. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கும் பாண்ட்ஸும் நடந்தன. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கார் செய்தது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக்கென்று மத்திய அரசாங்கம் ஒரு தொழில் மண்டலத்தை நிறுவ, அது 2003 முதல் விசேஷப் பொருளாதார மண்டலமாகி, இன்று பஸ் கண்டக்டர் வாயில் ‘மெப்ஸ்’ என்று ஒரே சொல்லாக வழங்குகிறது. காலை ஷிப்டுக்கு மின்சார ரயிலிலிருந்து இறங்கும் ஆணும் பெண்ணும், அவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளும், படிக்கவைக்கும் பிள்ளைகளும் இந்தக் கம்பெனிகளின் லாபநஷ்டத்தோடு பிணைந்தே வாழ்கிறார்கள். ஆனால் புதிய இயந்திரம் வாங்குவதா, பழைய பிரிவை மூடுவதா, கடன் எடுப்பதா, மானேஜிங் டைரக்டராக யாரை நியமிப்பது என்பன போன்ற தீர்மானங்கள், எட்டுப் பத்துப் பேர் கூடும் ஒரு சபையில் நிகழ்கின்றன. அந்த எட்டுப் பத்துப் பேரும் வேறு எத்தனை சபைகளில் இடம்பெற்றிருக்கிறார்கள், ஒரு கம்பெனிக்கென்று அவர்களால் ஒதுக்க முடிகிற பொழுது எவ்வளவு, அப்பொழுதின் குறைவு கம்பெனியின் வளத்தைப் பாதிக்கிறதா என்பதே இங்கு நாம் விசாரிக்கப் புகும் விஷயம்.

கேள்வி புதியதன்று. பாரி, பின்னி, சிம்ப்ஸன் முதலான பெயர்களைக் கேட்டு வளர்ந்த சென்னைக்கு, ஒரே ஸ்தாபனத்தின் கூட்டாளிகள் பல கம்பெனிகளை நடத்துவது பழக்கமான காட்சி. மானேஜிங் ஏஜென்சி என்று வழங்கிய அந்த முறையில், பங்குதாரர்களின் பணத்தால் எழுந்த ஆலையோ தோட்டமோ மின்சாரக் கம்பெனியோ தன் நிர்வாகத்தை ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிடும்; ஏஜென்சியின் மனிதர்கள் ஒவ்வொரு கம்பெனியின் சபையிலும் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். மூலதனமும் அனுபவமும் அருகியிருந்த காலத்தில் அம்முறை தொழில்களைத் தோற்றுவித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு கம்பெனியின் பணத்தை இன்னொன்றின் பள்ளத்தில் கொட்டவும் அதுவே வழிசெய்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. சி. எச். பாபா தலைமையில் அமைந்த கமிட்டி 1952-இல் அளித்த அறிக்கையின் பயனாகப் பிறந்த 1956-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம், ஒருவர் 20 கம்பெனிகளுக்கு மேல் டைரக்டராக இருக்கலாகாது என்று வரம்பு கட்டியது. 1970 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு மானேஜிங் ஏஜென்சி முறையே ஒழிந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் இருபதைப் பதினைந்தாகக் குறைத்தது. 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டம் மறுபடியும் 20 என்று வைத்து, அவற்றுள் பப்ளிக் கம்பெனிகள் 10-க்கு மேற்படலாகாது என்றது. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளைப் பொறுத்தமட்டில் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி இன்னும் இறுக்கி, 2019 ஏப்ரல் முதல் 8 என்றும், 2020 ஏப்ரல் முதல் 7 என்றும் நிர்ணயித்தது.

இருபது, பதினைந்து, பத்து, ஏழு என்ற இவ்வெண்களில் எதுவும் அளந்து பெற்றதன்று. அந்தந்தக் காலத்துச் சட்ட நிபுணர்களின் நிதானத்தில் ‘இதற்கு மேல் தகாது’ என்று தோன்றிய அளவே அவை. பழைய சட்டத்தில் பிரைவேட் கம்பெனிகள் பெரும்பாலும் கணக்கில் சேரவே இல்லை என்பதையும், இன்றைய சட்டத்திலும் வெளிநாட்டில் பதிவான கம்பெனிகளும், எல்.எல்.பி. என்று வழங்கும் கூட்டு நிறுவனங்களும், அறக்கட்டளைகளும் கணக்குக்கு வெளியே நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் எண்ணுகிற நாற்காலிகளுக்கும் ஒரு மனிதர் மெய்யாகவே சுமக்கிற பாரத்துக்கும் உள்ள இடைவெளி விளங்கும்.

நாற்காலிகளை எண்ணுவது என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க, மெப்ஸ் வளாகத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. கார்களுக்கான சிறு மின் மோட்டார்கள் செய்யும் இகராஷி மோட்டார்ஸ் இந்தியா அங்கேயே தொழிற்சாலையும் பதிவு அலுவலகமும் கொண்டு, பங்குச் சந்தையிலும் பதிவான கம்பெனி. அதனுடைய ஆண்டறிக்கையையோ, அதைப் போல் பதிவான வேறெந்தக் கம்பெனியின் அறிக்கையையோ கையில் எடுத்து, நிர்வாக ஒழுங்கு பற்றிய பகுதிக்கு வந்தால், ஓர் அட்டவணை தென்படும். முதல் பத்தியில் டைரக்டரின் பெயர்; அடுத்ததில் அவர் ஸ்தாபகர் தரப்பா, சம்பளம் பெறும் நிர்வாகியா, இவ்விரு தரப்போடும் சம்பந்தமில்லாத சுயேச்சை டைரக்டரா என்ற பாகுபாடு; பிறகு அவ்வாண்டில் நடந்த கூட்டங்கள் எத்தனை, அவர் ஆஜரானவை எத்தனை; சென்ற பொதுக்கூட்டத்துக்கு வந்தாரா, இல்லையா; வேறு எத்தனை கம்பெனிகளில் டைரக்டர்; எத்தனை குழுக்களில் உறுப்பினர், எத்தனையில் தலைவர்; கடைசியாக, அவர் இடம்பெற்றுள்ள மற்றப் பதிவான கம்பெனிகளின் பெயர்கள். இவ்வளவையும் வெளியிட வேண்டும் என்பது விதி. பங்கு வாங்குகிறவர்கள் லாப விகிதத்தையும் டிவிடெண்டையும் பார்த்துவிட்டு இப்பக்கத்தைத் தள்ளிவிடுவதுண்டு. ஆனால் மேலே சொன்ன எட்டுப் பத்துப் பேரின் ஓராண்டு உழைப்பைப் பற்றி வெளியுலகத்துக்குக் கிடைக்கும் சாட்சியங்களில் இதனினும் தெளிவானது வேறில்லை.

இந்த அட்டவணை சொல்லாத ஒரு செய்தி, என் அபிப்பிராயத்தில், அது சொல்லும் அத்தனையையும்விடக் கனமானது. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டம், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேற்படலாகாது என்பது சட்டம். ஏழு கம்பெனி என்றால் 28 கூட்டம், தணிக்கைக் குழுவும் நான்கு முறை கூட வேண்டுமாதலால் அதற்கும் 28, ஆக 56. ஓராண்டின் வேலை நாட்களில் 56 அமர்வு என்பது ஓய்வுபெற்ற ஒரு விவேகிக்குப் பாரமே அன்று என்று வாதிக்கலாம். ஆனால் அந்த 56-உம் ஆண்டு முழுவதிலும் பரவிக் கிடப்பதில்லை. காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்று பதிவான கம்பெனிகளுக்கு விதி இருப்பதால், ஜூன் மாதத்தோடு முடிந்த காலாண்டின் கணக்கு ஆகஸ்டு 14-க்குள்ளும், செப்டம்பருடையது நவம்பர் 14-க்குள்ளும், டிசம்பருடையது பிப்ரவரி 14-க்குள்ளும் சபையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். முழு ஆண்டின் கணக்குக்கு மட்டும் 60 நாள் தவணை உண்டாதலால் அது மே 30-இல் நிற்கும். கணக்குப் பிரிவு ஏடுகளை மூடி, ஆடிட்டர் பார்வையிட்டு முடிக்கவே இரண்டு மூன்று வாரம் கழிந்துவிடும். எனவே ஜூலையின் கடைசிப் பத்து நாளும் ஆகஸ்டின் முதல் இரண்டு வாரமும் சேர்ந்த சுமார் பதினெட்டு வேலை நாட்களில், ஏழு கம்பெனிகளின் தணிக்கைக் குழுவும் சபையுமாகப் பதினான்கு அமர்வுகள் வந்து குவிகின்றன.

ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னதாக, கம்பெனி செக்ரட்டரியிடமிருந்து அஜெண்டாவும் அதன் குறிப்புகளும் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே வந்து சேர வேண்டும். முன்னர்க் கட்டுக் கட்டாய்க் காகிதமாக வந்தவை இப்போது கைக்கணினியில் வருகின்றன. காலாண்டுக் கணக்கு, ஆடிட்டரின் குறிப்புகள், உள்தணிக்கை அறிக்கை, சம்பந்தப்பட்ட கம்பெனிகளோடு செய்த கொடுக்கல் வாங்கல், வழக்குகளின் நிலை, கடன் நிபந்தனைகள், துணைக் கம்பெனிகளின் கணக்கு என்று அதில் அடங்கியவை நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒரு கம்பெனியின் கட்டை ஊன்றிப் படிக்க ஒரு முழு நாள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஏழு கட்டுக்கு ஏழு நாள். பதினான்கு அமர்வுக்குக் குறைந்தது ஏழு நாள். ஆகப் பதினெட்டு நாளில் பதினான்கு நாள் போயிற்று. இந்த மனிதருக்கு ஆலோசனைத் தொழிலோ பேராசிரியர் உத்தியோகமோ இருக்குமானால், அதற்கு மிச்சம் நான்கு நாள். ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது நியாயமாகத் தோன்றும் ஏழு என்ற எண், ஆகஸ்டு மாதத்து முதல் வாரத்தில் பார்க்கும்போது நியாயமாகத் தோன்றவில்லை. சட்டம் நாற்காலிகளை எண்ணிற்றேயன்றி, அவை ஒரே வாரத்தில் ஒருவரைக் கூப்பிடுவதை எண்ணவில்லை.

இனி ஆராய்ச்சியாளர் கண்டவற்றைப் பார்ப்போம். இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பலர் தேடி அழைக்கிற டைரக்டர் தகுதியுள்ளவராகத்தான் இருப்பார், பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையே அவரை ஜாக்கிரதையாக வேலைசெய்ய வைக்கும் என்பது ஒரு கட்சி. யூஜின் ஃபாமாவும் மைக்கேல் ஜென்சனும் 1983-இல் எழுதியவற்றில் இதன் வேர் இருக்கிறது. எவ்வளவு தகுதியுள்ளவருக்கும் நாளுக்கு 24 மணிதான் என்பது மற்றொன்று. 2003-இல் ஃபெரிஸ், ஜகந்நாதன், பிரிட்சர்டு என்ற மூவர் அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்து, பல சபைகளில் இருப்போர் குழு வேலைகளைத் தட்டிக் கழிப்பதாகச் சாட்சியம் இல்லை என்றனர். மூன்றே ஆண்டில் ஃபிச்சும் சிவதாசனியும் எதிர்முடிவோடு வந்தனர்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சபைகளில் இருக்கும் வெளி டைரக்டர்கள் பெரும்பான்மையாக உள்ள சபைகளைக் கொண்ட கம்பெனிகளின் லாபமும் சந்தை மதிப்பும் தாழ்ந்திருந்தன, நிர்வாகத் தலைவர் கம்பெனியை நஷ்டத்துக்கு ஆளாக்கினாலும் அவரை மாற்றும் துணிவு அச்சபைகளில் குறைவாக இருந்தது, அவ்வாறு பல வேலையுள்ள டைரக்டர் விலகிக்கொண்ட செய்தி வந்ததும் பங்கின் விலை ஏறியது.

இங்கே ஒரு தர்க்கச் சிக்கல் உண்டு. அதைத் தீர்க்காமல் எந்த முடிவும் நில்லாது. பல வேலையுள்ள டைரக்டரால் கம்பெனி நலிந்ததா, நலிந்த கம்பெனிக்கு வேறு ஆள் கிடைக்காமல் அவர் வந்தாரா என்று சொல்வது கடினம். இதைப் பிரித்தறிய, டைரக்டரும் கம்பெனியும் வேண்டுமென்று செய்யாத, வெளியிலிருந்து வந்து விழுந்த மாறுதல் ஒன்று வேண்டும். ஃபலாட்டோவும் அவருடைய சகாக்களும் 2014-இல் மரணத்தை அப்படிப் பயன்படுத்தினர். ஒரு சபையில் சக டைரக்டரோ நிர்வாகத் தலைவரோ இறந்துபோக, அவருடைய குழு வேலை மிச்சமிருப்பவர் தலையில் விழும்போது, அந்த மிச்சமிருப்பவர் இடம்பெற்ற மற்றக் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. ஹவுசர் என்பவர் 2018-இல் கம்பெனி இணைப்பை எடுத்துக்கொண்டார். ஒரு கம்பெனி இன்னொன்றில் கரையும்போது அதன் சபை முழுவதும் கலைந்துபோகிறது. அச்சபையிலிருந்தவர்களுக்கு ஒரு நாற்காலி, அவர்கள் கோராமலே, குறைகிறது. நம் பக்கத்தில் இதற்கு உதாரணம் வேண்டுமானால், பல்லாவரத்துக்காரர்கள் அறிந்த பாண்ட்ஸ் இந்தியா 1998-இல் இந்துஸ்தான் லீவரோடு இணைந்ததைச் சொல்லலாம். தொழிற்சாலை அங்கேயே இருக்க, பாண்ட்ஸுக்கென்று தனியே இருந்த டைரக்டர் சபை இல்லாமற் போயிற்று. அமெரிக்காவில் நிகழ்ந்த இத்தகைய இணைப்புகளைத் திரட்டி ஹவுசர் கண்டது, ஒரு நாற்காலி குறைந்த டைரக்டர்களைக் கொண்ட மற்றக் கம்பெனிகளின் லாபமும் சந்தை மதிப்பும் உயர்ந்தன என்பதும், அவர்கள் குழு வேலைகளைக் கூடுதலாக ஏற்றனர் என்பதும் ஆகும். பொழுதின் கட்சிக்கு இவ்விரண்டும் வலுவான சாட்சியங்கள் என்று நான் கருதுகிறேன்.

மற்றொரு ஆராய்ச்சி நம் ஊர்ச் சிறு கம்பெனிகளுக்கு நேராகப் பொருந்துவது. மசூலிஸ், மாப்ஸ் என்ற இருவரும் 2014-இல், பல சபைகளில் உள்ள டைரக்டர் தம் பொழுதைச் சமமாகப் பங்கிடுவதில்லை, கௌரவம் மிகுந்த கம்பெனிக்கே அதிகம் தருகிறார் என்று காட்டினர். நாலைந்து கிராமங்களின் கோயில்களை ஒருவராகவே கவனிக்கும் குருக்கள், திருவிழாவும் கூட்டமும் உள்ள கோயிலில் சாயரட்சை வரை இருந்துவிட்டு, ஓரத்துச் சிவன் கோயிலைத் திறந்து விளக்கேற்றி உடனே பூட்டிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. அட்டவணையில் ஒருவர் பெயருக்கு எதிரே ஆறு கம்பெனிகள் இருந்து, அவற்றுள் மும்பையின் பெரிய வங்கியொன்றும், சென்னைப் புறநகரின் நடுத்தர உதிரிபாகக் கம்பெனியொன்றும் இருக்குமானால், பொழுது நெருக்கும் வாரத்தில் எது பின்னுக்குப் போகும் என்பதை ஊகிக்கலாம். ஆகவே எத்தனை நாற்காலி என்பதோடு, அந்த வரிசையில் நம் கம்பெனிக்கு எத்தனையாவது இடம் என்பதும் பங்குதாரர் கேட்க வேண்டிய கேள்வியாகிறது. இதற்கு மாறான நிலையும் உண்டு: ஃபீல்டு, லௌரி, மெக்ர்ச்சியன் என்பவர்கள் 2013-இல், புதிதாகச் சந்தைக்கு வரும் இளம் கம்பெனிகளுக்குப் பல சபை கண்ட டைரக்டர்களால் நன்மையே விளைகிறது என்றனர். இளம் கம்பெனிக்குக் காவலரைவிட ஆலோசகரும் அறிமுகம் செய்துவைப்பவரும் தேவை. பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் கணினித் தொழிலில் புதிதாக முளைக்கும் ஸ்தாபனங்களுக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இதுவரை சொன்னவை அமெரிக்கச் சாட்சியங்கள். அங்கே பெரிய கம்பெனிகளின் பங்கு ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்க, நிர்வாகி சம்பள ஊழியராக இருக்கிறார். நம் நாட்டில் அப்படியன்று. கம்பெனியைத் தோற்றுவித்த குடும்பமே பங்கில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, நிர்வாக நாற்காலியிலும் அமர்ந்திருப்பது இங்கு பெருவழக்கு. ஆகவே மும்பை இந்திரா காந்தி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜயதி சர்க்காரும் சுப்ரத சர்க்காரும் 500 பெரிய இந்தியக் கம்பெனிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு நமக்கு மிகவும் முக்கியமானது. பல சபைகளில் இருக்கும் சுயேச்சை டைரக்டர்களைக் கொண்ட கம்பெனிகளின் மதிப்பு, அமெரிக்க முடிவுக்கு நேர்மாறாக, உயர்ந்தே இருந்தது. அவர்கள் கூட்டங்களுக்கு அதிகமாகவே வந்தார்கள், பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்திலும் தென்பட்டார்கள். தாழ்வு வேறிடத்தில் இருந்தது: கம்பெனியை அன்றாடம் நடத்துகிற உள் டைரக்டர்கள் பல சபைகளில் இருந்த கம்பெனிகளே செயலில் பின்தங்கியிருந்தன.

நான் இக்கட்டுரை எழுத முற்பட்டதற்குக் காரணமே இந்த முடிவுதான். பல நாற்காலிகளில் அமர்பவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர் மனம் உடனே ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியையும், பிரபல ஆடிட்டரையும், பேராசிரியரையும் நினைக்கிறது; பத்திரிகைகளும் அவர்களையே பட்டியலிடுகின்றன. ஆனால் சுயேச்சை டைரக்டரின் நாற்காலி ஆண்டுக்குச் சில நாள் கேட்பது. மானேஜிங் டைரக்டரின் நாற்காலி ஆண்டு முழுவதையும் கேட்பது. முன்னவர் ஒருமுறை அசட்டையாக இருந்தால், சபையில் மற்ற எட்டுப் பேர் இருக்கிறார்கள். பின்னவர் தம் கவனத்தைத் துணைக் கம்பெனிகளுக்கும், தம்பி மகனுக்காகத் தொடங்கிய பிரைவேட் கம்பெனிக்கும், குடும்பத்தின் நிலவியாபாரத்துக்கும் பங்கிட்டால், அந்த இடத்தை நிரப்ப யாருமில்லை. முன்னவர்க்கும் பின்னவர்க்கும் சட்டம் ஒரே விதமாக ஒரு நாற்காலி என்றே கணக்கு வைக்கிறது. அதோடு, ஒரு கம்பெனியின் மானேஜிங் டைரக்டரை, சபையின் ஏகமனதான ஒப்புதல் இருந்தால், இன்னொரு கம்பெனியும் மானேஜிங் டைரக்டராக நியமிக்கலாம் என்று இடமும் தருகிறது. இவ்விரு உத்தியோகங்களும் முழுநேர உத்தியோகங்கள் என்பதை நினைத்தால் இச்சலுகையின் அளவு புரியும்.

கீர்த்தியும் எண்ணிக்கையும் மட்டும் பார்ப்பதால் என்ன விளையும் என்பதற்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சாட்சி. அதன் சபையில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் கேபினட் செயலர் இருந்தார், ஹைதராபாதின் புகழ்பெற்ற வணிகப் பள்ளியின் தலைவர் இருந்தார். 2008 டிசம்பர் 16-ஆம் தேதி, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் கைவசமிருந்த மேடாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க அச்சபை இசைந்தது. முதலீட்டாளர்களின் சீற்றத்தால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7-இல் ராஜுவே எழுதிய கடிதத்தில், ஏட்டில் இருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் மெய்யில் இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். சுயேச்சை டைரக்டர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனாலும் கேட்டின் ஊற்று, ஸ்தாபகர் குடும்பம் கம்பெனிக்குள்ளும் அதற்கு வெளியே தன் மற்றத் தொழில்களிலும் ஒரே சமயத்தில் கால் வைத்திருந்ததில் இருக்கிறது. ஸ்தாபகர் குடும்பம் இல்லாத ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி ஸ்தாபனத்தில் சிக்கல் வேறு உருவில் வந்தது: 2018 அக்டோபரில் பழைய சபையை நீக்கி உதய் கோடக் தலைமையில் அரசாங்கம் அமர்த்திய புதிய சபை கணக்கெடுத்தபோது, முதலில் 169 என்று சொல்லப்பட்ட துணை ஸ்தாபனங்கள் 348 என்று தெரியவந்தது. எண்ணிக்கையே தெளிவாக இல்லாத இடத்தில் மேற்பார்வை எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகரே நிதானித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கை. பெருங்களத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஏன் மூடியது என்று கேட்டால், ‘முதலாளிகள் கவனிக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடக்கூடியவர்கள் உண்டு. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கூடி 1948-இல் தொடங்கிய அத்தொழில், வான்கார்டும் ஹெரால்டும் கெஸலும் செய்து, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொணர்ந்தது. உடல் நவீன ரோவரின் சாயலில் இருந்தாலும் உள்ளே வைத்த எஞ்சின் பழைய வான்கார்டின் வழியில் வந்தது. விலையோ அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் வெகுதூரம் மேலே. எண்ணெய்ச் செலவு விளம்பரம் சொன்ன அளவில் நிற்கவில்லை. மாருதி அதற்குள் சாலையில் ஓடத் தொடங்கிவிட்டது. 1988-இல் உற்பத்தி நின்றது. இதில் சபையின் பொழுதுக்குறை எவ்வளவு, லைசென்ஸ் ஆட்சியின் கட்டு எவ்வளவு, எஞ்சின் தேர்ந்தவர்களின் பிழை எவ்வளவு என்று தனித்தனியே நிறுத்து வைக்கத் தராசு இல்லை. ஒரு கம்பெனியின் மரணத்தை ஒரே காரணத்தில் கட்டிவைக்கும் பழக்கத்தை, மரணத்தையும் இணைப்பையும் கொண்டு பொறுமையாக ஆராய்ந்தவர்களின் முறை நமக்கு மறக்கச் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான கம்பெனிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு, தனியொரு கம்பெனியின் ஜாதகம் ஆகாது.

சட்டத்தில் செய்யத் தக்க திருத்தம் என்று எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. முழுநேர நிர்வாகப் பதவியில் உள்ள டைரக்டருக்கு மட்டும், அவர் சம்பந்தப்பட்ட பிரைவேட் கம்பெனிகள், கூட்டு நிறுவனங்கள், வெளிநாட்டுக் கம்பெனிகள், அறக்கட்டளைகள் எல்லாவற்றையும், ஒவ்வொன்றிலும் அவருடைய பொறுப்பின் தன்மையோடு, அதே அட்டவணையில் பங்குதாரர்முன் வைக்கச் செய்ய வேண்டும். வரம்பு கட்டுவது பிறகு ஆகட்டும். இன்றைய நிலையில், பதிவான கம்பெனியின் சுயேச்சை டைரக்டரை நியமிக்க, 2022 முதல், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது வாக்களித்தவற்றுள் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அது கிட்டாதபோது பொதுப் பங்குதாரரின் பெரும்பான்மையைக் கொண்டு நிறைவேற்றும் மாற்றுவழி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. மானேஜிங் டைரக்டருக்கோ, வயது எழுபதைக் கடவாத வரையில், பெரும்பாலும் சாதாரணத் தீர்மானமே போதும். பாதிக்குமேல் பங்கை வைத்திருக்கும் குடும்பம் தன் வாக்காலேயே அதை நிறைவேற்றிக்கொள்ளும். சர்க்கார் இருவரின் ஆராய்ச்சி எந்த நாற்காலியில் அபாயம் என்று காட்டிற்றோ, அந்த நாற்காலிக்கு இங்கே வாயில் அகலமாக இருக்கிறது.

சிறு பங்குதாரர்களிடம் இவற்றைச் சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, சென்னையின் பழைய பொதுக்கூட்டங்களை நினைவூட்ட விரும்புகிறேன். 2020-க்கு முன் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நகரத்துச் சபா மண்டபங்களில் கம்பெனிகளின் பொதுக்கூட்டம் நடக்கும்; தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையிலிருந்து ரயில்வேயிலும் வங்கியிலும் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள், ஆண்டறிக்கையில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, மின்சார ரயிலேறிப் போவார்கள். காபியும் பலகாரப் பொட்டலமும் வாங்கத்தான் போகிறார்கள் என்று அவர்களைப் பற்றி இளப்பமாகப் பேசியது அநியாயம். அவர்களுள் சிலர் எழுந்து, இன்ன டைரக்டர் ஐந்து கூட்டத்தில் இரண்டுக்கே வந்திருக்கிறாரே, அவரை ஏன் மறுபடி நியமிக்க வேண்டும் என்று மேடையைப் பார்த்துக் கேட்பார்கள். அந்த டைரக்டரும் மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டாக வேண்டும். கொரோனா நோய்க்காலத்தில் பொதுக்கூட்டங்கள் காணொளிக்கு மாறிய பிறகு, பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. டைரக்டர்களின் கூட்டத்திலும் கணக்கு ஒப்புதல் உட்பட எல்லாமே இப்போது காணொளியில் நடக்கலாம் என்று 2021-இல் விதி தளர்ந்துவிட்டது. இதனால் தொலைவிலிருப்போர் கலந்துகொள்வது சுலபமாயிற்று என்பது உண்மை. வருகைக் கணக்கின் மதிப்பு குறைந்துவிட்டது என்பதும் உண்மை. ஒரே முற்பகலில், இடம் பெயராமல், மூன்று சபைகளில் ஆஜர் போட்டுவிடலாம். ஆகவே ஐந்துக்கு ஐந்து என்று அட்டவணையில் கண்டதும் திருப்தியடையாமல், எத்தனை கூட்டங்களுக்கு நேரில் வந்தார் என்று கேட்பது இனி அவசியமாகிறது.

கேட்பதற்கும் வாக்களிப்பதற்கும் உரிமை ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு. பொதுக்கூட்ட நோட்டீஸில், நியமனத்துக்கோ மறுநியமனத்துக்கோ வரும் ஒவ்வொரு டைரக்டரைப் பற்றியும் அவருடைய வயது, அனுபவம், மற்ற டைரக்டர் பதவிகள், குழுப் பதவிகள், அவ்வாண்டில் ஆஜரான கூட்டங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டிருப்பார்கள். 2024 ஏப்ரல் முதல், பதிவான கம்பெனியில் எந்த டைரக்டரும், ஸ்தாபகர் குடும்பத்தவர் உட்பட, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்றும் செபி விதித்திருக்கிறது. ஆதலால் குடும்பத்தின் நிரந்தர நாற்காலிகளும் இனி முறைவந்து நோட்டீஸில் தோன்றும். மின்னணு வாக்கு குறைந்தது மூன்று நாள் திறந்திருந்து, பொதுக்கூட்டத்துக்கு முந்திய நாள் மாலை 5 மணிக்கு முடிவடைகிறது. அந்த மூன்று நாளுக்குள், நோட்டீஸின் அனுபந்தத்தில் மானேஜிங் டைரக்டருடைய பெயருக்குக் கீழே எத்தனை கம்பெனிகள் இருக்கின்றன என்பதை முதலிலும், சுயேச்சை டைரக்டர்களுடையதை அதற்கு அடுத்தும் படிக்க வேண்டும் என்பதே, மேலே கண்ட சாட்சியங்களைக் கொண்டு நான் சொல்லக்கூடிய வரிசை.